மஸ்டர் ரோலிலிருந்து ஒரு கேள்வி

மாலை நேர எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு முதலில் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். 'எ ஸ்டடி ஆன் எம்ப்ளாயீ ஜாப் சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்று தொடங்கி, அவரவர் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரில் முடியும். நூறு பேரிடம் ஒரு கேள்வித்தாள், ஒன்று முதல் ஐந்து வரை டிக், சதவீத அட்டவணை, பை சார்ட். கடைசி அத்தியாயத்தில் 'நிர்வாகம் ஊழியர்களுக்கு மேலும் ஊக்கமளிக்க வேண்டும்' என்று ஒரு பரிந்துரை. கறுப்பு அட்டை, தங்க எழுத்து பைண்டிங். வைவா முடிந்த பிறகு எழுதினவரே அதைத் திரும்பப் புரட்டுவதில்லை.

அந்தத் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவரைத் தன் வேலையையே உற்றுப் பார்க்க வைப்பது என் தொழில். ப்ராஜெக்ட் கைடு என்பார்கள். வார நாட்களில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் மாணவர்கள் ஆதம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வருவார்கள். பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோ ஷேர் ஆட்டோ பிடித்தோ வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பையும் ரிஜிஸ்டரையும் பரப்பிக்கொள்வார்கள். எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ், வங்கிக் கிளையின் துணை மேலாளர், நர்சிங் சூப்பர்வைசர், சாஃப்ட்வேர் டீம் லீட், அப்பாவின் ஹார்டுவேர் கடையை எடுத்து நடத்தும் பையன். இருபத்தெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை இருப்பார்கள். பாதிப் பேருக்கு ஈ.எம்.ஐ. உண்டு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பெற்றவர்களின் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு. அதற்கு நடுவில் படிக்க வருகிறார்கள் என்றால் அந்தப் படிப்பு அவர்களுக்கு எதையாவது உருப்படியாகக் கொடுத்தாக வேண்டும்.

நானும் இப்படித்தான் படித்தேன். கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. நான் அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியின் குவாலிட்டி கண்ட்ரோலில் சேர்ந்தபோது அதற்கு முப்பது வயதாகியிருந்தது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையுமாகத் திரிந்த காலம். குவாலிட்டிக்காரர்களுக்கு எண் தெரியும். இந்த வாரம் ரிஜெக்‌ஷன் எவ்வளவு, எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில் என்று புள்ளி வைத்துச் சொல்லிவிடுவோம். ஏன் என்று கேட்கப் போனால்தான் சிக்கல். ப்ரொடக்‌ஷன் பக்கம் ஒரு பதில் வரும், மெயின்டெனன்ஸ் பக்கம் இன்னொன்று வரும், மெஷினில் நிற்கும் ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொள்வார். விஷயம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் எப்படிக் கேட்டால் சொல்வார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தேடித்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

சென்னைக்கு இந்த மாலை வகுப்புகள் புதிதில்லை. லயோலா வளாகத்தில் 1979-ல் தொடங்கிய லிபா, வேலையில் இருப்பவர்களுக்கென்றே நெடுங்காலமாக மேலாண்மை வகுப்பு நடத்திவருகிறது. பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி வழியாகவும், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவும் படித்து மேலே வந்தவர்கள் நம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். சம்பளம் ஏறும், பதவி மாறும் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் சேர்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதவியோடு கூடவே வரவேண்டிய ஒரு பழக்கம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்து, முறையாக விசாரித்து, கிடைத்த பதில் தனக்குப் பாதகமாக இருந்தாலும் அதை மேசையில் வைக்கும் பழக்கம். அது வகுப்பில் பாடமாக வராது. ப்ராஜெக்டில் மட்டும்தான் வரும். அதனால்தான் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

2019 கோடை. சென்னையை மறக்கவிடாத கோடை அது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு மாணவர் சனிக்கிழமை வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு வயரிங் ஹார்னஸ் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். லைனில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். முதல் ஷிஃப்டில் ஆள் வராமல் லைன் தடுமாறுகிறது. எச்.ஆர். ஏற்கெனவே ஒரு சர்வே எடுத்து, ஈடுபாடு குறைவு என்று முடிவு கட்டி, அட்டெண்டன்ஸ் போனஸில் கை வைத்திருந்தது.

"மேடம், அப்சென்டீயிசம்தான் டாபிக். மோட்டிவேஷன் ஆங்கிள்ல பண்ணலாம்னு இருக்கேன். கேள்வித்தாள் ரெடி."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். 'இந்த நிறுவனத்தில் பணிபுரிவதில் நான் பெருமைப்படுகிறேன்.' ஷிஃப்ட் இன்சார்ஜ் பக்கத்தில் நிற்கும்போது ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தி அதற்கு என்ன டிக் போடுவாள்? ஐந்துதான் போடுவாள். எச்.ஆர். எடுத்த சர்வேயிலும் எல்லாரும் ஐந்துதான் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் எப்படி 'ஈடுபாடு குறைவு' என்ற முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன். அவரும் யோசித்தார். கேள்வித்தாளை அப்படியே வைத்துவிட்டு, மூன்று மாத மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேட்டின் பிரதியும், பஸ் ரூட் வாரியாக ஆட்களின் பட்டியலும் கொண்டுவரச் சொன்னேன். கூடவே ஒரு கட்டுரையும் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டியர்ஸ், ரோட்ஸ் என்ற இருவர் 1978-ல் எழுதியது. வேலைக்கு ஏன் வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்று அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு அவர்கள் ஒரு கோடு போட்டார்கள். வர விருப்பம் இருக்கிறதா என்பது ஒன்று. வர முடிகிறதா என்பது வேறு. உடம்பு சரியில்லாதது, வீட்டுப் பொறுப்பு, போக்குவரத்து எல்லாம் இரண்டாவதில் வரும். கேட்டால் இதென்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் எச்.ஆர். சர்வேயில் ஒரு கேள்விகூட இரண்டாவது பக்கத்தைத் தொடவில்லை. இந்தக் கோடு மனதில் இல்லாதவர் எத்தனை பேரிடம் டிக் வாங்கினாலும் விருப்பத்தைத்தான் அளந்துகொண்டிருப்பார். லிட்டரேச்சர் ரிவ்யூ என்றால் முப்பது கட்டுரையின் சுருக்கத்தை ஒட்டி வைப்பது என்று நினைக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு கட்டுரை போதும், அது கேள்வியை மாற்றினால்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிராஃப் தாள்களை ஒட்டிக்கொண்டு வந்தார். மேசையின் நீளத்துக்கு இருந்தது. தேதி ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம், ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு கலர் பேனா. தாம்பரம் ரூட் பச்சை மாதம் முழுக்க அங்கங்கே சிதறியிருந்தது. சிவப்பும் நீலமும் அப்படி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறி இறங்கின. இரண்டு ரூட்டும் ஒரே நாளில் ஏறவில்லை. ஒன்று ஏறும் நாளில் மற்றது இறங்கியது. ஈடுபாடு இப்படி நாள் பார்த்து முறை வைத்துக்கொண்டு குறையாது. அவர் விரலை அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல ஆபீஸ்ல உக்காந்து தெரியாது மேடம், பஸ்ல போய்ப் பார்க்கறேன்" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

விடிவதற்கு முன்னால் கிளம்பும் பஸ்ஸில் அவர் போனார். யூனிஃபார்ம் போடாமல், கையில் தாள் இல்லாமல். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாவது தடவை போனபோது ஒரு பெண் சொன்னதை அவர் தன் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருந்தார். "தண்ணி லாரி எப்ப வரும்னு யாருக்கு சார் தெரியும்? நாலு மணிக்கும் வரும், ஏழு மணிக்கும் வரும். விட்டா ரெண்டு நாளைக்கு இல்ல. கொடத்த யார் வைக்கறது?" சிவப்பு ரூட்டின் பகுதிக்கு ஒருநாள், நீல ரூட்டின் பகுதிக்கு மறுநாள். வீட்டில் வேறு ஆள் இருப்பவர்கள் வந்தார்கள். இல்லாதவர்கள் நின்றார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் தலைமை என்று நான் நினைக்கிறேன். ப்ளான்ட் ஹெட்டிடம் ஒரே ஒரு தாளோடு போனார். லாரி வரும் நாளில் முதல் ஷிஃப்டும் இரண்டாவது ஷிஃப்டும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், முந்தின நாள் லைன் லீடரிடம் சொன்னால் போதும், போனஸ் வெட்டக் கூடாது. ஒரே ஒரு லைனில், ஒரு மாதத்துக்கு. டிசிப்ளின் கெட்டுவிடும் என்று முதலில் மறுப்பு வந்தது. கிராஃபை விரித்துக் காட்டினார். அனுமதி கிடைத்தது. அந்த லைனில் காலை ஷிஃப்ட் நிமிர்ந்தது.

அவர் ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. சோதனை நடந்த மாதத்திலும் அதற்குப் பிறகும் அவ்வப்போது மழை பெய்தது, சில தெருக்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு கொஞ்சம் தணிந்தது, ஆகவே வருகை கூடியதற்கு ஷிஃப்ட் மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மாற்றம் செய்யாத லைன்களிலும் ஓரளவு முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதி, அந்த லைன்களின் எண்ணையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். கம்பெனிக்குள் பிரசன்டேஷன் போடும்போது அந்த ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னார்களாம், சாதனை சின்னதாகத் தெரிகிறது என்று. அவர் எடுக்கவில்லை. ஆய்வு செய்தவருக்கு அந்த ஸ்லைடுதான் ஆதாரம். பிறகு ஒரு நாள் இன்னொரு விஷயத்தில் அவர் 'இது நிச்சயமாக நடக்கும்' என்று சொன்னால், மேலே இருப்பவர்கள் அதை நம்புவதற்கும் அதுதான் ஆதாரம்.

இப்படி விசாரிப்பது மேல்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கிய பழக்கமும் இல்லை, படித்தவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 1998-ல் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் முதன்முதலாக வாங்கிய நிறுவனம் அது. அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருந்தது. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து ஷாப் ஃப்ளோரில் நின்று, ஆபரேட்டரிடம் ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்டார்கள் என்பதைச் சென்னை உதிரிபாக வட்டாரத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் வாங்கியது. அந்த அலை எங்களைப் போன்ற சின்ன சப்ளையர்கள் வரை வந்தது. குவாலிட்டி சர்க்கிளில் எட்டாவது படித்த ஆபரேட்டர் மீன்முள் வரைபடம் போட்டு, தன் மெஷினின் குறையைத் தானே எழுந்து நின்று விளக்குவார். தலை குனிந்து நின்றவர்கள் பேசத் தொடங்கிய காலம் அது. பல்கலைக்கழகம் ஆய்வு என்று சொல்வதன் உயிர்நாடி அந்தச் சர்க்கிளில் இருந்தது. எங்களிடம் இல்லாமல் இருந்தது, வேறு ஊர்களில், வேறு ஆலைகளில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் என்ன கண்டார்கள் என்ற தொடர்ச்சிதான். படிப்பு அதைத் தந்தது.

கோவையில் 1941-ல் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், ஆலை அனுபவமும் படிப்பும் இப்படிச் சேர்ந்ததற்கு நம் பக்கத்து உதாரணம். லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு, யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் வேலை பார்த்தார். தொழிற்சங்கத்தோடு கூலி விகிதம் பேசிய அனுபவம் தன்னை உருவாக்கியது என்று அவர் சொன்னதுண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டு, மிச்சிகன் எல்லாம் அதற்குப் பிறகு. 2004-ல் அவர் எழுதிய, ஏழை மக்களைச் சந்தையின் பங்காளிகளாகப் பார்க்கச் சொன்ன புத்தகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு முக்கிய உதாரணமாக வருகிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது அது. என் மாணவர்களில் பாதிப் பேர் அதை அமெரிக்கப் பாடப்புத்தகம் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மதுரைக்குப் போய் ஒருநாள் அந்த வரிசையில் நின்று பாருங்கள் என்று சொல்வேன். சிலர் போயிருக்கிறார்கள்.

மதுரைக்குப் போக முடியாதவர்களுக்கு ஆதம்பாக்கத்திலேயே ஒரு கேஸ் ஸ்டடி இருக்கிறது. காலுக்குக் கீழே இருக்கிறது.

இப்போது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறோம். 2011 வரை ஆதம்பாக்கம் ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்தது. ஒன்றரை லட்சம் பேர் இருந்த ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மழைக்காலத்தில் அது பொங்கும். லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த நகராட்சி, பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் ஒரு பக்கம். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தங்கள் முதலீட்டில் கட்டி, பல ஆண்டு நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்ற ஏற்பாடு இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய துணிச்சல், மக்களிடமே முன்பணம் கேட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிக்கு 10,000. இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய். குழாய் போடும் வேலை 2000-ல் தொடங்கியது.

உலக வங்கி வட்டாரங்களிலும் பொதுத்துறை, தனியார் கூட்டுத் திட்டங்களைப் பற்றிய வகுப்புகளிலும் ஆலந்தூர் இன்றும் பேசப்படுகிறது. கடன் விகிதம், ஒப்பந்த வகை, ஆபத்தை யார் சுமப்பது என்று பாடம் நடக்கும். அது வேண்டியதுதான். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு. பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். உங்களுக்கு இது வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு தர முடியும் என்று கேட்டார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்கள். அப்போது 5,000 என்பது என் போன்றவர்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு. எங்கள் வீட்டிலும் கட்டினோம்.

ஒவ்வொரு பேட்சையும் ஒரு முறை இந்தத் தெருக்களில் கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் காலத்தில் வைப்புத்தொகை கட்டியவர்களைப் பார்த்துப் பேசச் சொல்வேன். கேள்வித்தாள் கிடையாது. ஒரே கேள்விதான், ஏன் கட்டினீர்கள்? இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். மாணவர்கள் கேட்டதும் எடுத்துவந்து காட்டினார். "கவர்மென்டுக்கு யாராவது முன்கூட்டியே பணம் கொடுப்பாங்களாம்மா? நான் சங்க மீட்டிங்ல எழுந்து கேட்டேன். வேலை நின்னுபோச்சுன்னா பணம் திரும்ப வருமா, யார் பொறுப்புன்னு கேட்டேன். மேடையில இருந்தவங்க பதில் சொன்னாங்க. மறுநாள் என் வாசலுக்கே வந்து இன்னொரு தரம் சொன்னாங்க. அப்புறம்தான் கட்டினேன்." மாணவர்கள் வகுப்பில் 'ஸ்டேக்ஹோல்டர் என்கேஜ்மென்ட்' என்று படித்தது இதைத்தான்.

அடுத்த தெருவில் ஒரு அம்மா. பல ஆண்டாக இதே பகுதியில் வாடகைக்கு இருக்கிறார். "எங்களை யாரும் கேக்கலியே. வீட்டுக்காரரைத்தான் கேட்டாங்க. ரோடு தோண்டிப் போட்டப்ப ஸ்கூலுக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போனது நாங்கதான்" என்றார். அன்று சாயங்காலம் வரை எங்கள் மேசையில் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் பேச்சு. யாரைக் கேட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் என்ன தெரிந்துகொண்டோம் என்பது அமையும். சாம்ப்ளிங் பற்றி நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதினாலும் அந்த அம்மா சொன்ன அளவுக்குப் பதியாது. வெற்றி பெற்ற திட்டம் என்று உலகம் சொல்லும் ஒன்றிலும் கேட்கப்படாதவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டவர், தன் டீமில் யாரைக் கேட்கவில்லை என்று யோசிக்கத் தொடங்குகிறார். திட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை. எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் லாரி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொரு கட்டுரையும் என் பையில் எப்போதும் இருக்கும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி 1996-ல் வெளியிட்டது. நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. அவர் எண்களைத் தூக்கிப் போடவில்லை. விசாரித்தார். அந்த வார்டுகளில் தவறைச் சொல்ல நர்சுகள் பயப்படவில்லை, மற்ற வார்டுகளில் மறைத்தார்கள் என்பது தெரிய வந்தது. மாணவராக வந்த நர்சிங் சூப்பர்வைசர் ஒருவர் இதைப் படித்த அன்று நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தளத்தில் 'இன்சிடென்ட் ரிப்போர்ட்' மாதக்கணக்கில் பூஜ்யம். அதற்காக அவர் பாராட்டுச் சான்றிதழும் வாங்கியிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து டியூட்டி மாறும்போது, 'இன்னிக்கு எது கைதவறப் பார்த்துச்சு?' என்று தினமும் கேட்க ஆரம்பித்தார். யாரையும் திட்டுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. பூஜ்யம் போய் எண்கள் வந்தன. அந்த எண்களை மேலிடத்துக்கு விளக்கிச் சொல்வதற்கு அவருக்குத் தைரியம் வேண்டியிருந்தது. கையில் கட்டுரை இருந்தது உதவியது.

கவலையும் இருக்கிறது. தி.நகரிலும் வடபழனியிலும் காசு கொடுத்தால் தயாராக ப்ராஜெக்ட் செய்து தரும் சென்டர்கள் நெடுங்காலமாக உண்டு. கம்பெனி பெயரை மட்டும் மாற்றினால் போதும். இப்போது அந்தக் காசும் வேண்டாம், ஒரு ராத்திரியில் கம்ப்யூட்டரே எண்பது பக்கம் எழுதித் தந்துவிடுகிறது, மொழி பிசகில்லாமல். சில இடங்களில் கைடு ஒருவருக்குத் தலைக்கு மேல் மாணவர்களைக் கொடுத்துவிடுகிறார்கள். அவரால் கையெழுத்துப் போடத்தான் முடியும். இதில் ஏமாறுவது கல்லூரி இல்லை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, இரண்டு வருடச் சனிக்கிழமையைக் கொடுத்து, கேட்கக் கற்றுக்கொள்ளாமல் வெளியே வரும் அந்த மனிதர்தான் ஏமாறுகிறார். அவருக்குக் கீழே நாளைக்கு நாற்பது பேர் வேலை செய்வார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் என்னிடம் வருகிறவர்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தாக வேண்டும். மஸ்டர் ரோல், கம்ப்ளெய்ன்ட் புத்தகம், ரிட்டர்ன் ஆன சரக்கின் பட்டியல், லோன் நிராகரித்த ஃபைல்களின் லாக், எதுவானாலும் சரி, அவர் கை பட்டதாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் அனுமதி வாங்கி, பெயர்களை மறைத்துக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விக்கான பதிலை அவர் முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் அது நல்ல கேள்வி இல்லை என்று திருப்பி அனுப்புவேன். கேள்வி உறுதியான பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மேலாண்மைப் பிரிவில் உட்கார்ந்து படிக்கலாம், பிள்ளைகளைக் கீழே குழந்தைகள் பகுதியில் விட்டுவிடலாம். பல அப்பா அம்மாக்கள் அப்படித்தான் ரிவ்யூ முடித்திருக்கிறார்கள்.

எங்கே சேரலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இதையொட்டித்தான் பதில் சொல்கிறேன். ப்ளேஸ்மென்ட் எண்ணிக்கை வேலையில் இருப்பவருக்கு எதற்கு? பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் 'இந்த ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'நேரமின்மை' என்று ஒரே வரி இருந்தால் திரும்பி வாருங்கள். எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை, அடுத்தவர் எங்கே தேட வேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தால் அங்கே யாரோ ஒரு நல்ல கைடு இருக்கிறார்.

இப்போதைய பேட்சில் வேளச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பை நிர்வகிக்கும் பெண் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் சாம்பிள்கள் சில, ரத்தம் சிதைந்துபோய் நிராகரிக்கப்படுகின்றன. நோயாளி மறுபடி கை நீட்ட வேண்டியிருக்கிறது. கலெக்‌ஷன் பையன்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பது அவர் எண்ணம், தலைப்பும் அப்படியே எழுதிக் கொண்டுவந்திருந்தார். எந்த நேரத்தில் எடுத்தது, எந்தப் பையன், எந்த ஏரியா, பைக் பெட்டியில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதெல்லாம் தனித்தனியாகத் தெரியுமா என்று கேட்டேன். நிராகரிப்பு ரிஜிஸ்டரில் நேரம் இருக்கிறது, பிக்-அப் நேரம் டெலிவரி ஆப்பில் இருக்கிறது, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை என்றார். சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பையன்களிடம் பேசுவது அதற்குப் பிறகு. அவர்களிடம் முதலில் என்ன கேட்பது என்று வரும் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதப்போகிறோம்.